ஒன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும்

பதினொரு வயதில் என்னைப் பாட்டு வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்கு அருகில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் வந்து எனக்கும் தங்கைக்கும் சொல்லிக்கொடுத்த வாத்தியார், ஒரு மாலை நான் அங்கே இருக்கும்போதே அம்மாவிடம் சொன்னார்: "பெரியவளுக்கு வேற ஏதாவது கத்துக்குடுங்கோ மாமி. சின்னவளுக்கு நன்னா வரது. இவளுக்கு ஸ்ருதி நிக்கவே மாட்டேங்கறது."

அவர் சொன்னது உண்மைதான். நான் பாடினால் எனக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு ஒரு தவறான முடிவுக்கு வந்தேன். பாட்டு என்பது தங்கையுடைய சொத்து, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் கூடத்தில் சாதகம் செய்யும்போது நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பூகோளம் படித்தேன். பதினைந்து வருஷம் அப்படியே போயிற்று.

டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை கிடைத்தது. எனக்குப் பக்கத்து மேஜையில் என்னைவிடப் பத்து வயது மூத்த வங்காளிப் பெண்மணி. எல்லாரையும்போல நானும் தீதி, அதாவது அக்கா, என்றே கூப்பிட்டேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். என்டாலியில் அப்பா விட்டுப்போன பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். மாடியில் ஒரு ஆங்கிலோ-இந்தியர் வாடகைக்கு இருந்தார். மனைவியை இழந்தவர், ஹவுராவிலிருந்து கிளம்பும் சரக்கு ரயில்களில் கார்டு. தீதி அவரை கார்டு சாஹிப் என்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து பேனாவை மூடும்போது தீதி கேட்டார்:

"இன்னிக்கு வேற வேலை இருக்கா? இல்லேன்னா எங்க வீட்டுக்கு வா. ஒரு ஆள் குறையுது."

"எதுக்கு?"

"பாட்டு கேக்க."

"எனக்குப் பாட்டு வராது தீதி."

"பாட யாரு கூப்பிட்டா? காது இருக்கில்ல?"

எங்கள் பேச்சு வங்காளம் பாதி, இங்கிலீஷ் பாதியாக நடக்கும். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

டிராமில் போகும்போதுதான் விஷயம் தெரிந்தது. கார்டு சாஹிப்பிடம் ஒரு இசைத்தட்டு இருந்தது, அதைப் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. தீதியின் அப்பா வைத்துவிட்டுப்போன ரெக்கார்ட் பிளேயர் வீட்டில் இருந்தது, தட்டுகளெல்லாம் வளைந்துபோயிருந்தன. அதனால் சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் தட்டோடு இறங்கி வருவார். ஆனால் முதல் பாட்டின் கடைசியில் பாடகி சிரிக்கிறாரா அழுகிறாரா என்பதில் இரண்டு பேருக்கும் மூன்று வாரமாகச் சண்டை. தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் வேண்டியிருந்தது.

கார்டு சாஹிப் நெட்டையான, மெலிந்த மனிதர். எனக்காக எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "எதுவும் சொல்லித்தர மாட்டோம். கேட்டுட்டு நீயே சொல்லு" என்றார்.

ஊசி இறங்கியது. அதற்குமுன் நான் ஸோல் இசை கேட்டதில்லை. தேவாலயத்தில் பாடி வளர்ந்த கறுப்பின அமெரிக்கர்களின் சங்கீதம் என்று தீதி சொல்லியிருந்தார், அவ்வளவுதான். முதலில் ஒரு ஆர்கன் தனியாக வந்தது. அதன் கீழே பேஸ் கிடார், பெரிய வீட்டில் யாரோ செருப்பில்லாமல் நடப்பதுபோல. பிறகு அந்தக் குரல். கனமான குரல், எடுத்த எடுப்பிலேயே நம்மை வெகுநாளாகத் தெரிந்ததுபோலப் பேசியது. பாட்டு முடிகிற இடத்தில், வாத்தியங்களெல்லாம் ஓய்ந்தபின், ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"மூச்சு வாங்கறாங்க" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி போட்டார்கள். கார்டு சாஹிப் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மூச்சுதான். நாங்க ரெண்டு பேரும் தோத்தோம்" என்றார்.

பாட்டு விஷயத்தில் நான் சொன்னதை ஒருவர் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. அன்று டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது, அடுத்த வாரமும் வரவேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. வருவேன் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அப்படித் தொடங்கிய சனிக்கிழமைகள் பத்து வருஷத்துக்குமேல் நீண்டன.

அது இரட்டை இசைத்தட்டு. புத்தகம்போல விரியும் அட்டை, முன்னால் மஞ்சள் வண்ணம் பூசிய ஒரு கதவின் படம், இரண்டு உறைகள். ஆனால் ஒரு உறை காலி. ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் பழைய தட்டுகளை அடுக்கி வைத்திருந்த கடையொன்றில் கார்டு சாஹிப் அதை எடுத்தபோது உள்ளே பார்க்கவில்லை. வீட்டில் வந்து திறந்தால் ஒரு தட்டுதான். அதிலும் ஒரு பக்கம் ஒன்று என்றும் மறுபக்கம் நான்கு என்றும் அச்சாகியிருந்தது. ஏன் அப்படி என்று கேட்டேன். அந்தக் காலத்தில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தானாகவே ஒவ்வொன்றாக விழுந்து பாடும் பெட்டிகள் இருந்தன. முதல் பக்கம் முடிந்ததும் அதன்மேல் அடுத்த தட்டு விழுந்து இரண்டாம் பக்கம் பாடும், பிறகு இரண்டையும் சேர்த்துத் திருப்பிப் போட்டால் மூன்றும் நான்கும் வரும் என்று விளக்கினார். ஆக எங்களுக்கு இருந்தது தொடக்கமும் முடிவும். நடுவில் இரண்டு பக்கம் இல்லை.

தொடக்கம் காலை நேரம். ஒரு தெரு எழுந்திருப்பதைப்பற்றிய பாட்டுகள்: பால் வண்டி, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகள், எதிர்வீட்டுச் சண்டை. நான்காம் பக்கத்தில் இரண்டே பாட்டு. இரண்டும் நீளம். கடைசிப் பாட்டில் ஒரே வரியைப் பின்பாட்டுக் குழு திரும்பத் திரும்பப் பாடும். பாடகி அதன்மேல் அவ்வப்போது ஒரு சொல்லை வைத்துவிட்டு விலகிக்கொள்வார். அந்தப் பக்கத்தில் அவர் குரல் களைத்திருக்கிறது, அதிக நாள் பாடவைத்துவிட்டார்கள் என்பது தீதியின் கட்சி. நாங்களும் அதை மறுக்கவில்லை.

நடுவிலிருந்த பாட்டுகளின் வரிகள் மட்டும் எங்களிடம் இருந்தன. அட்டைக்குள் ஒரு தாளில் எல்லாப் பாட்டும் அச்சிட்டிருந்தது. கல்கத்தாவில் அப்போது லோட்ஷெடிங் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும். குரல் இழுத்து, முனகி, நின்றுவிடும். அப்படி நின்ற ஒரு மத்தியானம் கார்டு சாஹிப் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, "இல்லாத பாட்டு ஒண்ணு பாடட்டுமா?" என்றார்.

சரக்கு ரயில்களைப் பயணிகள் வண்டிக்கு வழிவிடச் சொல்லிப் பக்கத் தண்டவாளத்தில் மணிக்கணக்காக நிறுத்திவைப்பார்கள். கடைசிப் பெட்டியில் கார்டு மட்டும் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரங்களிலும், சிலசமயம் வண்டி ஓடும்போதும், அந்தத் தாளை வைத்துக்கொண்டு, காணாமல்போன பாட்டுகளுக்குத் தானே மெட்டுப் போட்டிருக்கிறார். எட்டுப் பாட்டுக்கு எட்டு மெட்டு. அவர் குரல் அப்படியொன்றும் நன்றாக இருக்காது; மேலே போனால் உடையும். ஆனால் சொல்லை விழுங்காமல் பாடுவார். ஓடுகிற வண்டியில் போட்ட மெட்டுகளில் சக்கரம் உருளும் தாளம் இருந்தது. நிற்கிற வண்டியில் போட்டவை தாலாட்டுபோல இருந்தன. கரண்ட் வந்த பிறகும் பாடச் சொன்னோம். அதன்பின் ஒன்றாம் பக்கம் தட்டில், நடுவில் கார்டு சாஹிப், நான்காம் பக்கம் தட்டில் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது.

வீட்டில் அம்மாவுக்கு இது விசித்திரமாக இருந்தது. "சனிக்கிழமையானா அப்படி என்னதான் கேக்கறேள்?" என்பாள்.

"அதே பாட்டுதாம்மா."

"போன வாரம் கேட்டதா?"

"போன வருஷம் கேட்டது."

பிறகு எனக்குக் கல்யாணமாயிற்று. கணவர் ஹவுராவில் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. லேக் மார்க்கெட்டிலேயே வீடு எடுத்தோம். மாமியாரும் எங்களோடு இருந்தார். சனிக்கிழமைகளைப்பற்றிக் கணவரிடம் நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். அவர் மறுப்பொன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, எட்டாம் மாதத்தில், என் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு நான் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் ஏதாவது சொன்னார்கள். அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றார்கள், நேரம் சரியில்லை என்றார்கள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் டாக்ஸி நின்றது. தீதி படுக்கை விரிப்பில் சுற்றிய ரெக்கார்ட் பிளேயரைக் குழந்தையைப்போலத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னால் கார்டு சாஹிப், கைகளில் இரண்டு ஸ்பீக்கர், கக்கத்தில் மஞ்சள் கதவு. மாமியார்தான் கதவைத் திறந்தார். அவருக்குக் காய்கறி வாங்குமளவுக்கு வங்காளம் தெரியும். தீதி அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "பிளக் எங்கே இருக்கு?"

என் அறையிலேயே வைத்தார்கள். தீதி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கார்டு சாஹிப் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. ஒன்றாம் பக்கத்தைப் போட்டார்கள். ஆர்கன் வந்தது, செருப்பில்லாத அந்த நடை வந்தது. மாமியார் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தவர், மூன்றாவது பாட்டில் உள்ளே வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார். அது முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்:

"இவ என்னடி வேண்டிக்கறா?"

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அது வேண்டுதல் என்று தெரிந்திருக்கிறது. ரொம்ப நாளைக்கப்புறம் எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது.

"தெருவுல இருக்கறவாளையெல்லாம் ஜன்னலைத் திறந்து வைங்கோங்கறாம்மா. உள்ளே எல்லாரும் இருக்கேளான்னு அவளுக்குத் தெரியணுமாம்."

"நியாயம்தானே" என்றார் மாமியார்.

பக்கம் முடிந்தது. வழக்கப்படி கார்டு சாஹிப் நடுப்பகுதியைப் பாடினார், தாளில்லாமலே. மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பாட்டை, நின்ற வண்டியில் போட்ட மெட்டில், அவர் குரல் உடையும் இடத்தில் உடைந்துகொண்டே பாடியபோது நான் அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை. யாரும் என்னைத் தேற்றவில்லை. தீதி எழுந்து தட்டைத் திருப்பி நான்காம் பக்கத்தைப் போட்டார். மாமியார் என் முதுகில் கையை வைத்தவர், அந்த நீளமான கடைசிப் பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் நான் ஆபீஸ் போனேன். அவர்கள் இரண்டு பேருக்கும் இதற்காக நான் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தீதி திட்டியிருப்பார். இங்கே எழுதிவைக்கிறேன்.

இரண்டு வருஷத்தில் மகள் பிறந்தாள். அவளையும் தூக்கிக்கொண்டு என்டாலிக்குப் போவேன். பாட்டு ஓடும்போது தீதியின் மடியில் தூங்குவாள். கார்டு சாஹிப் பணி ஓய்வு பெற்றார். லோட்ஷெடிங் அபூர்வமாயிற்று. பார்க் ஸ்ட்ரீட் பக்கம் சிடிகள் விற்கும் பெரிய கடைகள் வந்தன. அப்படி ஒரு கடையில், மகளுக்குக் குழந்தைப் பாட்டு வாங்கப் போனபோது, அந்த மஞ்சள் கதவைப் பார்த்தேன். உள்ளங்கை அளவில். இரண்டு சிடி, முழு ஆல்பம்.

எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இதைக் கேட்டுவிட்டால் கார்டு சாஹிப்பின் மெட்டுகள் என்ன ஆகும் என்ற பயம். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலிருந்த தன் மகள் வந்துவிடச் சொல்கிறாள், டிக்கெட்கூட எடுத்துவிட்டாள் என்று கார்டு சாஹிப் சொன்னார். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தீதியிடம் கடையில் பார்த்ததைச் சொன்னேன்.

"நானும் பாத்தேன்" என்றார் தீதி, டிபன் டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "ஆறு மாசமாச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

தீதி டப்பாவை மூடினார். பிறகு தீதியே சொன்னார்: "நாம போட்டுக் காட்டலேன்னா, அங்கே போய்த் தனியா எங்கேயாவது கேப்பாரு. அது வேண்டாம். வாங்கிடு."

பூஜை விடுமுறை முடிந்து வந்த சனிக்கிழமை அது. கணவர் சிடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமியார் ஒரு டப்பா தட்டையோடு, "நானும் வரேன். அன்னிக்கு வேண்டிண்டவதானே இவ?" என்று கிளம்பிவிட்டார். கார்டு சாஹிப்பின் கையில் சிடியைக் கொடுத்தேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"நாலும் இருக்கா?"

"நாலும் இருக்கு."

"நடுவில இருக்கறதை மட்டும் போடவா?" என்றார் தீதி.

"வேண்டாம். முதல்லேர்ந்து போடு. வண்டி நடு ஸ்டேஷன்லேர்ந்தா கிளம்பும்?"

ஒன்றாம் பக்கம் முடிந்து, யாரும் எழுந்து எதையும் திருப்பாமலே இரண்டாம் பக்கம் தொடங்கியது. கார்டு சாஹிப் தாலாட்டாகப் பாடிய பாட்டு அது. இங்கே ஊதுகுழல்கள் ஒரே வெட்டாக இறங்கின. கைதட்டல், கோபம், ஓட்டம். பாடகி யாரையோ வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நான் தலையைத் தூக்கவில்லை. பிறகு ஒரு சத்தம் கேட்டுப் பார்த்தால் கார்டு சாஹிப் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் தூங்கவெச்ச குழந்தையை இந்தம்மா எழுப்பிவிட்டுட்டாங்க" என்றார்.

பாட்டு முடிந்ததும் தீதி, "இது உங்களோடதைவிட நல்லா இருக்கு" என்றார். அவருக்கு மறைத்துப் பேசத் தெரியாது.

"இருக்காதா பின்னே? அவங்களுக்கு அது தொழில். நான் சிக்னலுக்குக் காத்துக்கிட்டிருந்தவன்."

அதன்பிறகு எல்லாரும் லேசானோம். மூன்றாம் பக்கத்தில் பாடகியின் தாய் நோயில் விழுந்து இறந்துபோகிறார். ஒவ்வொரு பாட்டாக வாத்தியங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசிப் பாட்டில் ஆர்கனும் குரலும் மட்டும். அவர் எனக்காக என் அறையில் பாடிய பாட்டு. மெட்டு வேறுதான். ஆனால் நாலு சொல் வரும் ஓரிடத்தில் குரல் படியிறங்கி, கடைசிச் சொல்லில் சட்டென்று மேலேறியது. பிளேயரை நிறுத்தினேன்.

"இது உங்களோடது" என்றேன்.

கார்டு சாஹிப் கண்ணைத் திறந்தார். "எது?"

பின்னால் தள்ளி மறுபடி போட்டேன். தீதியும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இறக்கமும் அந்தக் கடைசி ஏற்றமும் அப்படியே அவர் பாடியது. மூன்றாவது தடவை போட்டபோது அவரும் கூடவே பாடினார். எந்த இடத்திலும் பிசகவில்லை.

"இளவயசுல கரக்பூர்ல ஒரு சிநேகிதன் வீட்டுல இதைக் கேட்டேன். ஒரே ஒரு மத்தியானம்" என்றார். "நல்லா இருந்ததுங்கறது மட்டும்தான் ஞாபகம், மெட்டெல்லாம் போச்சுன்னு நெனச்சேன். போகலபோல இருக்கு." கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை பேர்ல நீ கண்டுபிடிச்சே பாரு."

மேலே போடச் சொன்னார்.

நான்காம் பக்கம் எங்களுக்கு மனப்பாடம். நூற்றுக்கணக்கான தடவை கேட்டது. அன்றைக்கு அது வேறாக இருந்தது. நாங்கள் இத்தனை வருஷமாகக் களைப்பு என்று நினைத்தது களைப்பு இல்லை. நடுவில் அத்தனை கோபமும் அந்த மரணமும் நடந்திருக்கின்றன; தாளில் வரிகளாகப் படித்திருந்தோமே தவிர, அவள் குரலில் கேட்டதில்லை. அதைக் கடந்து வந்தவள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் பின்பாட்டுக் குழு அவளைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது, அவளுக்குப் பாட முடிந்தபோது ஒரு சொல் பாடினால் போதும் என்கிறது. "நான் சொன்னது தப்பு" என்றார் தீதி. மாமியார் கையிலிருந்த தட்டையைக் கடிக்காமலே வைத்துக்கொண்டிருந்தார்.

கார்டு சாஹிப் நவம்பரில் போனார். இசைத்தட்டையும் அட்டையையும் தீதியிடம் விட்டுவிட்டு, சிடியை எடுத்துக்கொண்டார். மூன்று வருஷம் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டைகள் வந்தன. பிறகு ஒருநாள் அவர் மகள் தீதிக்கு போன் செய்து, அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னாள். அன்று நாங்கள் அவருடைய எட்டு மெட்டுகளையும் நினைவுபடுத்திப் பார்த்தோம். ஆறுதான் தேறின. தீதி பாட, தப்பும் இடங்களில் நான் நிறுத்திச் சரி செய்தேன். என் தொண்டைக்கு வராவிட்டாலும் எங்கே தப்பு என்று என்னால் சொல்ல முடிந்தது.

பாடத் தெரியாதவளுக்கும் பாட்டில் இடம் உண்டு என்பதை அந்த இரண்டு பேரிடமிருந்து பெற்றேன். இது சின்ன விஷயமில்லை. இப்போது தங்கை வெளிநாட்டிலிருந்து வந்து பாடினால் நான் கதவைச் சாத்திக்கொள்வதில்லை, எதிரே உட்காருகிறேன். அவளும், "அக்கா, அந்த ரெண்டாவது தடவை சரியா வந்துதா?" என்று என்னைத்தான் கேட்கிறாள்.

தீதி ஓய்வு பெற்றபின் என்டாலி வீட்டை அடுக்குமாடி கட்டும் புரமோட்டரிடம் கொடுத்துவிட்டு நியூ டவுனில் ஒன்பதாவது மாடிக்குப் போய்விட்டார். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போகிறேன். மகள் பென் டிரைவில் ஏதேதோ பதிந்து கொடுப்பாள். பாதி எங்களுக்குப் பிடிக்கும். சென்ற வாரம் போனபோது நல்ல காற்று. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தீதி நாற்காலியில் தூங்கிப்போனார். நான் ஒலியைக் குறைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தார்.

"முடிஞ்சிடுச்சா?"

"இல்ல தீதி. இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு."

"அப்ப டீ அப்புறம் போடலாம்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.